பொட்டு வைத்த வாஷிங் மெஷின்

ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் வைத்ததிலிருந்து அந்த வாஷிங் மெஷினைக் கையில் பிடிக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் பக்கெட்டிடம், "சாமிகிட்ட இப்படியா உரசிக்கிட்டு நிப்பே? தள்ளி நில்லு!" என்று அதட்டியது.

"தள்ளித்தான் நிக்கணும் சாமி, நாத்தம் தாங்கல" என்றது பக்கெட்.

பொய்யில்லை. வாங்கிய நாள் முதல் யாரும் கழுவாத ஃபில்டரில் நூலும் அழுக்கும் ஊறிக் கிடந்தன. ஆனால் சாமி அதையெல்லாம் ஒப்புக்கொள்ளுமா?

மறுநாள் துணியை எடுத்த பொற்கொடி முகத்தைச் சுளித்தாள். "என்னங்க, துவைச்ச துணியே நாறுது. இதைத் தள்ளிட்டு வேற வாங்கிடலாம்."

மெஷினுக்குப் பகீரென்றது.

அவள் கணவன் வந்து மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மூடியை மட்டும் திறக்கவில்லை. "எல்லாம் எதிர்வீட்டுக்காரங்க கண்ணுதான்" என்று முடிவுகட்டி, எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்து அதன் முன்னால் தொங்கவிட்டான்.

மெஷினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தியா, மாலையே போட்டுட்டாங்க!"

பக்கெட் எலுமிச்சம்பழத்தை ஏற இறங்கப் பார்த்தது.

"அதைப் பிழிஞ்சு உன் வயித்துக்குள்ள ஊத்தியிருந்தா நாத்தமாவது போயிருக்கும், சாமி."