தேறிய பாதி

அண்ணன் மனைவி கோமதிக்குத் தன் ஈரலில் பாதியைக் கொடுத்திருந்தாள் பேராச்சி. ஆபரேஷனுக்கு மறுநாள் அவள் படுக்கைக்கு வந்த டாக்டர் தயங்கினார். "நீங்க கொடுத்தது நல்ல ஈரல்தாம்மா. ஆனா ரத்தம் இல்லாம ஐஸ்ல இருந்தப்பவே, தன்னைக் காத்துக்கிற சத்தை எல்லாம் செலவழிச்சிருச்சு. அவங்க உடம்புக்குள்ள வச்சு ரத்தம் விட்டதும், அதுல வந்த ஆக்ஸிஜனே அதைச் சுட்டிருச்சு. இனி அதுவாத்தான் தேறணும்."

தையல் போட்ட இடத்தைவிட அந்தச் சொல் வலித்தது. பிரிந்துபோன பாதிக்குத் தைரியம் சொல்லும்படி, தன் விலாவுக்குள் மிச்சமிருந்த பாதியிடம் கெஞ்சிக்கொண்டே கிடந்தாள் பேராச்சி.

சில நாள் கழித்து அவளைச் சக்கர நாற்காலியில் கோமதியிடம் தள்ளிப்போனார்கள். கோமதியின் வயிற்றிலிருந்து வந்த குழாய் வழியே தேன் நிறத்தில் பித்தம் இறங்கி, கட்டிலோரப் பையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இது வந்துட்டா ஈரல் பொழைச்சிருச்சுன்னு அர்த்தம்க்கா" என்றாள் நர்ஸ்.

பேராச்சி வலியோடு குனிந்து அந்தப் பையைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. அதன் முன் கைகூப்பினாள்.

மஞ்சள் இன்னும் முழுதாக விலகாத கண்களைத் திறந்தாள் கோமதி. "நான்லா ஒன்னைக் கும்பிடணும். நீ யாரக் கும்பிடுத?"

"சும்மாத்தான் மதினி" என்ற பேராச்சி, கைகளை இறக்கவில்லை.