கிண்ணம் நிறையத் தேநீர்

தேவாலயத்தில் பூசை முடிந்து, கசாக் சமவெளியின் மங்கல் வெயில் உறைபனி படிந்த ஜன்னலில் தேங்கி நிற்கிறது. போலந்திலிருந்து வந்து மூன்றாவது குளிர்காலத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும் தடேயுஷ் சாமி, எங்கள் ஊர்க் கிழவி லியோகாதியாவுக்குக் கிண்ணம் தளும்பத் தேநீர் ஊற்றுகிறார். அவள் ஒரே வாய் குடித்துவிட்டு, கம்பளிச் சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு எழுகிறாள். “அதுக்குள்ளயா? இங்க யாருமே ரெண்டு நிமிஷம் உக்கார மாட்டேங்கிறீங்களே!” என்கிறார் சாமி. “நல்ல கூத்து! நீங்கதானே சாமி ஒவ்வொரு தடவையும் போகச் சொல்றீங்க? நம்ம ஊர்ல கிண்ணத்த நெறச்சா கெளம்புன்னு அர்த்தம். இருக்கச் சொல்றதுன்னா பாதிதான் ஊத்தணும். உங்களுக்குத் தனியா இருக்கத்தான் புடிக்கும்னு ஊரே நெனச்சிட்டிருக்கு.” வெளியே பேருந்து ஹாரன் அடிக்க, அவள் விரைகிறாள். கதவிடுக்கில் புகுந்த குளிர் அடங்குகிறது. சாமி இன்னொரு கிண்ணத்தில் பாதி மட்டும் ஊற்றி, காலி நாற்காலியின் முன்னால் வைக்கிறார்.