விழுந்து காட்டும் வகுப்பு

"இன்னிக்கு முதலுதவிப் பாடம். மேடம் மயங்கி விழுற மாதிரி நடிப்பாங்கடி. யாரு ஓடிவந்து நாடி பாக்குறாங்கன்னு சோதிக்க வருஷா வருஷம் இதே நாடகந்தானாம்," என்று திண்டிவனம் ரயிலிலேயே காந்திமதியிடம் சொல்லிவிட்டாள் கிருஷ்ணவேணி.

விழுப்புரம் கல்லூரியில் உடற்பயிற்சி அறிவியல் பேராசிரியை ஜெயம் அன்றும் காந்திமதியைத்தான் பிடித்துக்கொண்டார். "நாடி பாக்குறப்ப கட்டைவிரலை வைக்காதன்னு எத்தினி தடவ சொல்றது? அதுக்கே துடிப்பு இருக்கு. உன்னோடதையே எண்ணிக்கினு இருப்ப."

வகுப்பு சிரித்தது. கரும்பலகையில் எழுதத் திரும்பியவர் அப்படியே சரிந்து விழுந்தார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. சிலர் கைதட்டினார்கள். காந்திமதி மட்டும் எழுந்தாள். ஓடிப்போய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னாடி, மார்க் வாங்கப் போறியா?" என்றாள் கிருஷ்ணவேணி.

"சும்மா இருடி." விரலுக்கடியில் துடிப்பு தெரிந்தது, வேகமாக, திடமாக. காந்திமதிக்கு உயிர் வந்தது. "நல்லாத்தான் அடிக்குது. நடிக்கிறாங்க."

மேடம் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வகுப்பு முடியும் மணியும் அடித்தது. அவர் எழவில்லை.

காந்திமதி குனிந்து தன் கையைப் பார்த்தாள். மேடத்தின் மணிக்கட்டில் அழுந்தியிருந்தது அவளுடைய கட்டைவிரல்.