கௌரவமான வாய்

மருமகள் எமி போட்ட ரீலைப் பற்றி மெட்டுகுடா பேட்டை முழுக்கப் பேச்சு. கிதியோனுக்குக் குடும்ப மானமே போனதுபோல் இருந்தது.

அதில் முகம் இல்லை. ஆவென்று திறந்த ஒரு வாய் மட்டும். கீழுதட்டின் உள்ளே வெள்ளைத் திட்டு. "புகையிலை அடக்குறவங்க கண்ணாடியில பாருங்க. இப்படி இருந்தா உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றது எமியின் குரல்.

"மூணு லட்சம் பேர் பார்த்தாச்சு மாமா."

"நம்ம வீட்டுப் பொண்ணு கண்டவன் வாயைப் படம் பிடிக்கிறதா? யாரும்மா அந்த மானங்கெட்டவன்?"

"பெரிய குடும்பம் மாமா. பேர் சொன்னா அவங்களுக்குக் கௌரவக் குறைச்சல்."

"டாக்டர்கிட்ட போனானா?"

"இல்ல. அவர்கிட்ட சொல்ல வீட்டுல யாருக்கும் தைரியம் இல்ல."

"என்ன குடும்பம் அது! நானா இருந்தா சட்டையைப் பிடிச்சு இன்னைக்கே இழுத்துட்டுப் போவேன்!"

"ஆமென்!" என்றாள் மனைவி ஆக்னஸ், அடுக்களையிலிருந்து.

எமி இன்னொரு வீடியோவைத் திறந்தாள். வெட்டாத அசல். அதே வாய், அதைச் சுற்றி நரைத்த மீசை, வெள்ளை அங்கி, சர்ச் பாடகர் குழுவின் முன்வரிசை. நடுவில் கிதியோன், உச்சஸ்தாயியில்.

"கேப் வாசல்ல நிக்குது மாமா. ஏறுறீங்களா, இல்ல முழுசையும் போடட்டா?"

கிதியோன் விறைப்பாக எழுந்து வாஷ்பேசினுக்கு நடந்தார். லவங்கம் என்று வீட்டில் சொல்லிவந்த கைனிப் புகையிலையைத் துப்பிவிட்டு, செருப்பை மாட்டினார்.