மூன்றாவது கையெழுத்து

இருபத்தைந்தாம் வாரம் ஸ்கேன் பார்த்த டாக்டர், என் வயிற்றுக் குழந்தைக்கு மண்டையோடு உருவாகவில்லை, பிறந்தாலும் தங்காது என்றார். அத்தனை வாரமான கருவைக் கலைக்க, சட்டப்படி மருத்துவக் குழுவின் மூன்று டாக்டர்கள் கையெழுத்திட வேண்டும். இரண்டு பேர் அன்றே போட்டார்கள்.

"மூணாவது டாக்டர் லீவும்மா. அடுத்த புதன்கிழமை வாங்க" என்றார் குமாஸ்தா.

பதினோரு புதன்கிழமையும் அதையேதான் சொன்னார்.

"வாங்க வாங்கன்னு கூப்பிட இது என்ன கல்யாண வீடா? வயித்துக்குள்ள அது உதைக்குது சார்!" என்று கத்தினேன். அவர் ஃபைலை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

முப்பத்தேழாம் வாரம் மகள் பிறந்தாள். நாற்பது நிமிடம் இருந்தாள். பதிவேட்டுக்காக நர்ஸ் அவள் பாதத்தில் மை தடவி ரேகை எடுத்தாள். பெருவிரல்மேல் அடுத்த விரல் ஏறியிருந்தது. மையைத் துடைக்காமலே புதைத்தோம்.

அடுத்த புதன்கிழமை குமாஸ்தா போன் செய்தார். "மூணு கையெழுத்தும் ஆயிடுச்சும்மா, வந்து வாங்கிக்கோங்க."

அந்தக் காகிதத்தை அவர் முகத்திலேயே விட்டெறியப் போனேன். பீரோவைத் திறந்து ஃபைலைப் பிரித்தார். மூன்றாவது கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பாதம். பெருவிரல்மேல் அடுத்த விரல்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றவர், மை இழுகிவிடக் கூடாதென்று அதன்மேல் மெல்ல ஊதினார்.