காலியாகும் ஒரே இடம்

வரிசையில் முதல் ஆள் வெல்டர்தான். அந்த அரசுப் பள்ளியில் இன்று ஒரே ஒரு இடம் காலியாகும் என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார். வெல்டரின் மகன் படிக்கும் ரயில்வே கேட் பள்ளியில் தினமும் அடிதடி. போன வாரம் பையனுக்கு மண்டை உடைந்தது. இந்த இடத்தை விட்டால் அவன் மறுபடி அங்கேதான் போக வேண்டும்.

ஜன்னல் திறந்ததும், கண்ணாடி போட்ட ஒருவர் வரிசையைத் தாண்டி நேராக முன்னால் போனார்.

"யோவ், நாங்கல்லாம் மனுஷனாத் தெரியலையா?"

"ஒரு நிமிஷம் சார், நான் வந்து..."

வெல்டர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினான். கண்ணாடி தெறித்தது. கீழே விழுந்தவரின் விலாவில் உதைத்தான்.

"அந்த ரவுடிங்க நடுவுலயே என் புள்ள சாகணுமாடா?"

வாட்ச்மேன் இழுத்த பிறகுதான் நின்றான்.

கிளார்க் ஜன்னலில் கத்தினார். "அறிவிருக்காய்யா? பொண்ணுக்கு டி.சி. வாங்க வந்தவர்யா அவரு. காலியாகுற சீட்டே அவங்களோடதுதான்!"

வெல்டர் பதறி அவரைத் தூக்கி உட்கார வைத்தான். "மன்னிச்சிடுங்கண்ணே..."

அவர் ரத்தத்தைத் துப்பினார். "ரயில்வே கேட் பக்கம் வீடு மாறிட்டோம். பொண்ணை அங்க சேர்க்கலாம்னு பார்த்தேன்."

"தாராளமா சேருங்கண்ணே! தங்கமான ஸ்கூல்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க? நானே அங்க படிச்சவன்தான்!"

அவர் தன்னைக் குத்திய வெல்டரின் கையைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"சார், டி.சி. வேணாம். பொண்ணு இங்கயே படிக்கட்டும்."