மொச்சைக் குடி

தண்ணீர்க் குடத்தில் தன் பெயரைக் கீறித் தரச் சொன்னார் யவனக் கிழவர். "ஃபாபியஸா? அப்படின்னா என்னய்யா அர்த்தம்?" என்று கேட்டாள் குயத்தி சேந்தி. தமிழில் சொல் கிடைக்காமல் தவித்த மனுஷர், அவள் ஊறப்போட்டிருந்த மொச்சையில் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஆதியில் மொச்சை விதைத்த ஒருவனால் வந்த குடிப்பெயராம். அதைச் சுமந்து படை நடத்தியவர்கள் உண்டு, நாடாண்டவர்களும் உண்டு.

"இப்போ நான் மட்டும். பிள்ளை இல்லை. பேர் என்னோட முடியுது."

சேந்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அட போங்கய்யா! உங்க சொந்தபந்தம் பூரா எங்க வேலியில கொத்துக் கொத்தாத் தொங்குது. மொச்சைக்கு ஏது கடைசி?"

கிழவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவள் ஆணியைத் தேடி எடுப்பதற்குள், கையிலிருந்த மொச்சையை வேலியோரத்து ஈரமண்ணில் விரலால் அழுத்திவிட்டார்.

"முளைக்க எத்தனை நாள்?"

"அஞ்சு நாள் போதும்."

அவருடைய கப்பல் மறுநாள் காலையில் புறப்பட இருந்தது. துறைமுகத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கிழவர் வேலியோரமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"மெதுவாக் கீறும்மா. குடமும் அஞ்சு நாள் கழிச்சுப் போதும்."